முள்ளம்பன்றி போட்ட அப்டேட்

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை வைத்திருந்தன. காசு கொடுத்து வாங்கும் சிஸ்டம் அடிமைத்தனம் என்று அவை நம்பின. யாரும் கேட்காமலே எல்லோரிடமும் அதைச் சொல்லவும் செய்தன. அவற்றின் லினக்ஸுக்குக் காட்டுமல்லி என்று பெயர். சில மிருகங்கள் சம்பளமில்லாமல் அதைப் பராமரித்தன.

அவற்றில் சடையப்பன் என்ற முள்ளம்பன்றிக்குப் பூட்லோடர் பொறுப்பு. பட்டனை அமுக்கியதும் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்புகிற சின்ன புரோகிராம் அது. அது படுத்துவிட்டால் வேறெதுவும் எழுந்திருக்காது. இவ்வளவு முக்கியமான வேலை சடையப்பனுக்குக் கிடைத்ததற்குக் காரணம், வேலை பிரித்த கூட்டத்துக்கு அது தாமதமாகப் போனதுதான்.

ஒருநாள் பூட்லோடரின் புதிய பதிப்பு வந்தது. பழையதில் ஓர் ஓட்டை; அதன் வழியே எந்த நரியும் நுழைந்துவிடலாம். புதியதைப் போட்டே ஆக வேண்டும். ஆனால் அப்டேட் முடிந்ததும் ஒரு கட்டளையைக் கையால் தட்டி, பூட்லோடரை டிஸ்கில் மறுபடி பதிக்க வேண்டும். பதிக்காமல் ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரைதான்.

சடையப்பன் கருமந்தி நீலாவதியிடம் போனது. எது வெளியே போவதற்கு முன்பும் சோதித்துப் பார்ப்பது நீலாவதியின் வேலை.

“அந்தக் கட்டளைய அப்டேட்டே தட்டிக்கிற மாதிரி எழுதிடு, சடையா. சரிப்படாத மிஷின்ல ஏறாம நின்னுடணும்,” என்றது நீலாவதி.

“ஒவ்வொருத்தர் டிஸ்கும் ஒவ்வொரு மாதிரிக்கா. எழுதி முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே போயிடும். ஒரு அறிவிப்பு போட்டுடலாம். செவப்பு எழுத்துல.”

“யாரு படிப்பா?”

“லினக்ஸ் வச்சிருக்கவங்க படிக்கிற கூட்டம்க்கா.”

“நீ கடைசியா எந்த அறிவிப்பைப் படிச்சே?”

சடையப்பன் யோசித்தது. “எழுதுறவன் படிக்கணும்னு இல்லையேக்கா,” என்றது.

அறிவிப்பு தயாரானது. முதலில் பூட்லோடரின் வரலாறு. பிறகு ஓட்டையைக் கண்டுபிடித்த ஆந்தைக்கு நன்றி. பிறகு சடையப்பன் இரவு பகலாக உழைத்தது பற்றிக் கொஞ்சம் விரிவாக. தட்ட வேண்டிய கட்டளை கடைசிக்கு முந்தைய பத்தியில், அடைப்புக்குறிக்குள் இருந்தது.

திரைகளில் சிவப்பாக ஏதோ ஓடியது. கீழே, ‘தொடரலாமா?’ என்று கேட்டது. காடே ‘ஆம்’ என்று அமுக்கியது. இந்தக் கதையைச் சொல்பவன் அங்கே இருந்திருந்தால் இன்னும் வேகமாக அமுக்கியிருப்பான்.

ரீஸ்டார்ட் செய்வது லினக்ஸ்காரர்களுக்குக் கௌரவக் குறைச்சல் என்பதால் சில நாட்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் பேய்மழை கொட்டியது. கரண்ட் போய் வந்தது. காடு முழுக்கக் கறுப்புத் திரை.

தடுப்பணையைக் காவல் காத்த காட்டெருமை வீரணன் போன் செய்தது.

“சடையா, மதகு மிஷின் முழிக்கல. தொறந்தாத்தான் தண்ணி ஆத்துக்குப் போகும். இல்லேன்னா கரையத் தாண்டிக் கீரிங்க வளைக்குள்ள போயிடும்.”

“அறிவிப்பு படிச்சீங்களாண்ணே?”

“எதுப்பா? செவப்பா வந்துச்சே, அதா? செவப்பப் பாத்தா எனக்கு ஆகாது. கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிட்டேன்.”

மிஷினைத் தட்டி எழுப்ப ஒரு பென் டிரைவ் வேண்டும். அதைத் தயாரிக்கச் சடையப்பன் தன் கம்ப்யூட்டரைப் போட்டது. அதுவும் கறுப்பு. தான் எழுதிய கட்டளையைத் தானே தட்டவில்லை என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது.

நீலாவதியிடம் ஓடியது. “நானே தட்டலக்கா,” என்றது. நீலாவதி முன்பே தயார் செய்து வைத்திருந்த பென் டிரைவைக் கிளையிலிருந்து தூக்கிப் போட்டது.

சடையப்பன் மழையில் வழுக்கி விழுந்து, முள்ளெல்லாம் இலை குத்திக்கொண்டு தடுப்பணைக்குப் போய்ச் சேர்ந்தது. கரைக்குக் கீழே கீரி அங்கம்மாள் குட்டிகளைக் கவ்விக் கவ்வி மேட்டுக்குக் கொண்டுவந்தபடி இருந்தது. தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டுவிட்டது. சடையப்பன் பென் டிரைவைச் செருகியது. அவசரத்தில் முதலில் தப்பாகத் தட்டியது. பிறகு சரியாகத் தட்டியது. மிஷின் விழித்தது. மதகு முனகிக்கொண்டே தூக்கிக்கொள்ள, தண்ணீர் ஆற்றுப் பக்கம் பாய்ந்தது.

அங்கம்மாள் அழுதுகொண்டே கும்பிட்டது. சடையப்பன் பின்னால் நகர்ந்தது.

“கும்பிடாதீங்கம்மா. இது என் தப்பு. நான்தான் எல்லாத்தையும் கெடுத்தேன்.”

“உசுரக் காப்பாத்திட்டு எவ்வளவு அடக்கமாப் பேசுது பாருங்க!” என்றது அங்கம்மாள், அங்கே கூடிவிட்ட மிருகங்களிடம்.

“அடக்கம் இல்லம்மா, நெசமாவே நான்தான்…”

மிருகங்கள் கைதட்டின. வீரணன் சடையப்பனைத் தன் முதுகில் ஏற்றி ஊர்வலம் வந்தது. முள் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அதற்கு மேல் சடையப்பன் மறுக்கவில்லை. மேலேயிருந்து காடு அழகாகத் தெரிந்தது.

நீலாவதி அந்த மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, கட்டளையைத் தானே தட்டிக்கொள்ளும் அப்டேட்டை எழுதி முடித்தது. அடுத்த பூட்லோடர் வந்தது, எல்லா மிஷினிலும் ஏறியது. ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு வீரணன் தலைமை தாங்கியது.

“நீலாவதி, இந்த வருசம் என்ன செஞ்சே?”

“ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிட்டேன்ணே.”

“ஒண்ணும்தான் ஆகலையே! அதுக்கு எதுக்கு ஒரு ஆளு?”

சோதிக்கும் பதவி ரத்தானது. சடையப்பன் காட்டுமல்லியின் தலைவராகி, கழுத்தில் மாலையோடு நீலாவதியிடம் வந்தது.

“கோவமாக்கா?”

நீலாவதி மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து வாயில் போட்டு மென்றது.

“எதுக்குக் கோவம்? இன்னிக்குத்தான் எனக்கு நல்லாத் தூக்கம் வரும். இனிமே எது ஒடைஞ்சாலும் உன்னைத்தானே எழுப்புவாங்க.”

நீதி: எதையும் உடையாமல் பார்த்துக்கொள்ளாதீர்கள், வேலை போய்விடும். நீங்களே உடைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி மூச்சிரைக்க ஓடி வாருங்கள்.