நாரணாபுரத்தின் சராசரி மழை

விருதுநகரில் ஒரு பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் நாஜியா முதுகலைப் புள்ளியியல் படித்துவந்தாள். நாரணாபுரத்தில் போன வருஷம் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை நாள் மழை பெய்தது என்று கோடிங் எழுதிக் கண்டுபிடித்து வரச்சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். மொத்தம் ஐம்பத்தொரு மழை நாள், பன்னிரண்டு மாதம். விடை நாலேகால். கோடிங் ஆறே வரி. எழுத ஐந்து நிமிஷம் ஆனது.

சமர்ப்பிக்க நான்கு நாள் ஆனது. விதிமுறைப்படி, கணினியில் எழுதிய கோடிங்கை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, நோட்டை ஸ்கேன் செய்து, ஸ்கேனைப் பிரிண்ட் எடுத்து, துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, கையெழுத்தோடு மறுபடி ஸ்கேன் செய்து இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றினாள்.

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. நாற்பத்து மூன்று மாணவர்களின் விடையும் நூற்றுக்கு நூறு ஒத்துப்போவதைக் காப்பியடிப்பதைப் பிடிக்கும் மென்பொருள் கண்டறிந்திருப்பதாலும், இஃது உயர்கல்வியின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாலும், மூன்று நாளில் சொந்த விடை தராதவர்கள் பருவத் தேர்வு எழுத இயலாது.

நாஜியா சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு, அதை அனுப்பிய தற்சிந்தனைக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் பாலகுருவிடம் ஓடினாள்.

“சார், கணக்கு ஒண்ணு. விடையும் ஒண்ணாத்தானே சார் இருக்கும்?”

“மூளை நாற்பத்து மூணு இருக்குல்ல? விடை மட்டும் எப்படிம்மா ஒண்ணா வரும்?”

“ஐம்பத்தொண்ணைப் பன்னிரண்டால வகுத்தா நாலேகால்தான் சார் வருது.”

“அம்புட்டுப் பேரும் இதையேதான் சொல்றாக. குற்றச்சாட்டே அதானம்மா!”

வெளியே மரத்தடியில் வகுப்புத்தோழன் சங்கிலிமுத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். அவன் புதிதாகக் கொடுத்த விடை மைனஸ் மூன்று.

“ஏலே, மழை எப்படிலே மைனஸ்ல பெய்யும்?”

“அது வறட்சி. ‘துணிச்சலான அணுகுமுறை’ன்னு பச்சை மையில எழுதிக் குடுத்துட்டாக. நம்ம வகுப்பு எழில், மாசத்துக்கு முப்பத்தேழு நாள்னு போட்டிருக்கா. நீயும் எதையாவது போட்டுட்டுப் போ தாயி.”

நாஜியா ஐந்து என்று எழுதினாள், அடித்தாள். ஏழு என்று எழுதினாள், கை கூசியது. தேர்வு போனாலும் போகட்டும் என்று அதே நாலேகாலைக் கொடுத்துவிட்டு, வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தபடி பஸ் ஏறினாள்.

முடிவு வந்தபோது நாலேகால் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். ஒப்புமை: சுழியம். “வேறெவரும் சிந்தித்திராத விடை” என்று பாராட்டி, சால்வை போர்த்தி, முதல் பரிசு கொடுத்தார்கள்.

மேடையிலேயே பாலகுரு அடுத்த பொறுப்பையும் ஒப்படைத்தார். “யார் விடையையும் ஒதுக்கக் குழுவுக்கு மனசில்லைம்மா. நாற்பத்து மூணுக்கும் ஒரு சராசரி எடுத்து மேலிடத்துக்கு அனுப்பணும். உன்னைவிட்டா வேற யாரு இருக்கா?”

அந்த வெயிலிலும் சால்வை இதமாக இருந்தது. நாஜியா ஒப்புக்கொண்டாள். கோடிங் எழுதினாள், மூன்று தடவை சரிபார்த்தாள், ஒரு பிழை கிடையாது. மாதத்துக்குப் பத்தொன்பதரை நாள் மழை என்று வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அறிக்கை அச்சாகி வந்ததும், வெயிலில் வெடி காயவைத்துக்கொண்டிருந்த நாரணாபுரத்துக்காரர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, தாமதமான ஆர்டருக்கெல்லாம் ‘மழையால் சரக்கு காயவில்லை’ என்று அந்த அறிக்கையை நகலெடுத்து அனுப்பினார்கள். நாஜியாவை வழியில் பார்த்த ஒரு கம்பெனி முதலாளிக்கு ஒரே ஒரு குறைதான்.

“இன்னும் ரெண்டு நாள் கூடப் போட்டிருக்கக் கூடாதாம்மா?”

“எழுதிக் குடுங்கண்ணாச்சி,” என்றாள் நாஜியா, “பரிசீலிக்கிறோம்.”