நாவலடித் தோட்டத்தை ஈடு பிடித்த மனிசன்

சிவமயம்

உரும்பிராய்,
தாது வருடம் கார்த்திகை மாதம் 14ந் திகதி.

மலாயா தேசம் ஈப்போப் பட்டினத்தில் றெயில்வேக் கந்தோரில் உத்தியோகம் வகிக்கும் மகாகனம் பொருந்திய மைத்துனர் நமசிவாயம் அவர்களுக்கு, உமது தமக்கை மீனாம்பிகையின் புருஷன் கதிரவேலு ஆசி கூறி எழுதிக்கொள்வது. இவ்விடம் பிள்ளையார் கிருபையால் நானும் உமது தமக்கையும் சுகம். பசு கன்று ஈன்று அதுவும் சுகம். மழை பிந்தினாலும் பெய்தபடியால் புகையிலைக் கன்றுகளும் சுகம். எங்கள் கடனும் ஒரு நோய்நொடியின்றி வளர்ந்து வருகிறது. அவ்விடம் உமது சுகத்தையும், பாரியார் பிள்ளைகளின் சுகத்தையும், ஈப்போவில் சம்பளம் ஒழுங்காகப் போடுகிறார்களோ என்பதையும் அறிய ஆவலாயிருக்கிறேன். கடைசியாகக் கேட்டதை முதலில் அறிவிக்கவும்.

நிற்க. விஷயத்தை நேரே சொல்லிவிடுகிறேன். வருகிற தை மாதம் பதினைந்தாந் திகதிக்கு முன் முந்நூறு ரூபா கட்டாவிட்டால் எங்கள் நாவலடித் தோட்டம் வழக்காகிக் கோட்டுக்குப் போகும். நாலு பரப்புக் காணியும், அதிலுள்ள கிணறும், துலாவும் ஏலத்தில் போய்விடும். அந்தத் தோட்டம் போனால் இந்த அறுபத்திரண்டு வயதில் நான் இன்னொருவனுடைய தோட்டத்துக்குக் கூலிக்குத் தண்ணீர் இறைக்கப் போகவேண்டியதுதான். ஆகையால் நீர் அந்த முந்நூறு ரூபாவை வட்டியில்லாமல் தந்து உதவ வேண்டும். இந்த நிலை ஏன் வந்தது என்று நீர் கேட்பீர். கேளாவிட்டாலும் சொல்லுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி மகள் பத்மாவதியின் கலியாணத்துக்கு வீடு வளவு எழுதி, நகையும் போட்டு, இனி ஒன்றுமில்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், மாப்பிள்ளை பகுதியார் ஐந்நூறு ரூபா ரொக்கமும் வேண்டுமென்று நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை நெல்லியடிப் பக்கத்தில் வாத்தியார். வாத்தியார் வேலைக்கு ஐந்நூறு மலிவு என்று ஊரார் எனக்கே புத்தி சொன்னார்கள். நான் என்ன செய்ய? தரகர் தியாகலிங்கத்தாரிடம் ஓடினேன். அவர், வெளியூரில் உத்தியோகம் பார்க்கிற ஒருவருடைய காசு தம்மிடம் இருப்பதாகவும், அவருக்காகக் கொடுக்கல் வாங்கல் செய்யத் தமக்குத் தத்துவம், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதித் தந்திருப்பதாகவும், ஆனால் அவருடைய பேர் வெளியில் வந்தால் ஊர் முழுக்கக் கடன் கேட்குமாகையால் பேரைக் கேட்கக்கூடாதென்றும் சொன்னார். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. நாவலடி ஈடு. நொத்தாரிசு தம் வீட்டில் ஈட்டு உறுதிப் பத்திரத்தை வாசிக்கத் தொடங்கினார். கோப்பாய்க் கோவிற்பற்றைச் சேர்ந்த உரும்பிராய் இறையில் என்று தொடங்கி, கிழக்கெல்லை இன்னார் காணி, வடக்கெல்லை ஒழுங்கை என்று அவர் மெல்ல மெல்ல நடந்து போகிறார். கொக்கா, உமது தமக்கைதான், பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துத் தந்த நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. இராகுகாலத்திலை கையொப்பம் வைத்த கடன் ஏழு தலைமுறைக்கும் தீராது எண்டு அவதான் வாசற் படலையடி மட்டும் வந்து சொல்லி விட்டவ. தெற்கெல்லை வர முந்தி, 'ஐயா, வாசிச்சது போதும், தாருங்கோ' எண்டு வாங்கிக் கையொப்பத்தை வைச்சுப்போட்டன். நல்ல நேரத்திலைதான் வைச்சன். அந்த நல்ல நேரம் ஆருக்கு எண்டுதான் இன்னும் தெரியேல்லை.

கடன் பட்டாலும் பிள்ளையள் தலையெடுத்திட்டுதுகள், கட்டிவிடலாம் எண்டு நினைச்சன். மூத்தவன் பஞ்சலிங்கம் கொழும்பிலை கிளாக்கர், முப்பத்தொரு வயசு. ஊரிலை மற்றவனுக்கெல்லாம் கொழும்பிலை இருந்து காசு வருகுது. எனக்கு இஞ்சையிருந்து போகுது. மாசம் பிறந்தால் அவன்ரை கடிதம். 'ஐயா, தேக சுகம். கந்தோரிலை எல்லாரும் வெள்ளைக் கோட்டுப் போடுகினம். நான் மட்டும் பழங்கோட்டோடை போனால் உங்களுக்குத்தான் மரியாதைக் குறைவு.' என்ரை மரியாதை கொழும்பிலை ஒரு கோட்டிலை தொங்குது எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கோட்டு முடியச் சப்பாத்து, சப்பாத்து முடிய மணிக்கூடு. போன மாசம் மணியோடர் அனுப்பத் தபாற் கந்தோருக்குப் போனன். அங்கை புதுசாய் வந்த பெடியன் என்ரை தலைப்பாகையையும் வெறுங்காலையும் பாத்திட்டு, 'அப்பு, மகன்ரை காசு எடுக்கிறதெண்டால் அடுத்த யன்னலுக்குப் போங்கோ' எண்டான். நான் கட்ட வந்தனான் எண்டு சொல்ல வெக்கமாய்ப் போச்சு. அடுத்த யன்னலிலை போய்க் கொஞ்ச நேரம் நிண்டிட்டுத் திரும்பி வந்துதான் கட்டினன்.

பத்மாவதி அப்பிடிக் கேக்கிற பிள்ளையில்லை. அதுதான் கரைச்சல். மாசத்துக்கு ஒருக்கால் வருவாள். 'எனக்கென்ன ஐயா குறை' எண்டு சொல்லுவாள். சொல்லிக்கொண்டு தாயின்ரை அரிசிப் பானையைத் திறந்து பாத்திட்டு, மெதுவாய் மூடுவாள். பேந்து, அவரின்ரை பள்ளிக்கூடத்திலை மூண்டு மாசத்துக்கு ஒருக்கால்தான் சம்பளம், எண்டாலும் நாங்கள் சமாளிக்கிறம் எண்டு கிணத்தைப் பாத்துச் சொல்லுவாள். கேட்டால் இல்லையெண்டு சொல்லலாம், கேளாத பிள்ளைக்கு என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? அவள் போகக்கை நானே பின்னாலை ஓடிப் படலையடியிலை வைச்சுப் பன்னிரண்டு ரூபாவைக் கையிலை வைப்பன். 'ஐயோ வேண்டாம் ஐயா' எண்டு சொல்லிக்கொண்டே முந்தானையிலை முடிஞ்சிடுவாள். ஆத்திலை போட்டாலும் அளந்து போட வேணும் எண்டு கொக்கா சொல்லுவா. அளந்துதான் போடுறன், ஒவ்வொரு மாசமும் சரியாய்ப் பன்னிரண்டு.

உவன் இளையவன் இராசநாயகத்தின்ரை கதை வேறை. இருபத்தேழு வயசு. கிளாக்கர் வேலைக்குரிய கிளறிக்கல் சோதினை நாலுதரம் எடுத்திட்டான். ஒவ்வொருதரமும் கேள்வி எழுதினவனிலைதான் பிழை. இப்ப அடிமைச் சேவகம் தனக்குச் சரிவராதாம், புத்தூரிலை ஒரு கூட்டாளியோடை சேர்ந்து வாடகைக் கார் ஓடப் போறானாம், பங்குக்கு இருநூறு ரூபா வேணுமாம். 'ஐயா, ஒருக்கா வந்து காரைப் பாருங்கோ, பாத்தால் நீங்களே தருவியள்' எண்டு கூட்டிக்கொண்டு போனான். போய்ப் பாத்தன். கறுப்புக் கார், ராசா மாதிரி நிண்டது. ஏறி இருந்தன். புத்தூரிலை இருந்து வெளிக்கிட்டு அரைக்கட்டை தூரம் நான் காரிலை வந்தன். மிச்சத் தூரமெல்லாம் கார் எங்களிலை வந்தது. அவன் ஒரு பக்கம், கூட்டாளி ஒரு பக்கம், பின்னாலை நான். வழியிலை கண்ட சனமெல்லாம், 'கதிரவேலர் கார் வாங்கிட்டார்' எண்டு சந்தோஷப்பட்டுதுகள். வீட்டை வந்து நெஞ்சு நோவுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கிறன், அவன் வந்து, 'பாத்தியளே ஐயா, தள்ள எவ்வளவு லேசு' எண்டான்! இருநூறை எப்ப தருவியள் எண்டு இப்பவும் ஒவ்வொரு நாளும் கேக்கிறான். தாறன் எண்டும் நான் சொல்லேல்லை, மாட்டன் எண்டும் சொல்லேல்லை. பாப்பம் எண்டிருக்கிறன்.

இதுகளுக்கு நடுவிலை மாசாமாசம் அஞ்சு ரூபா வட்டி. அந்த ஈட்டுக்காரன் இருக்கிறானே, அவனுக்கு என்ன கண்ணோ தெரியாது. என்ரை கையிலை நாலு காசு வந்த அண்டைக்கு அடுத்த நாள் விடிய தியாகலிங்கத்தார் குடையும் கையுமாய் வாசலிலை நிப்பார். புகையிலை வித்த காசு வந்து, பஞ்சலிங்கத்துக்கு மணிக்கூட்டுக்கு அனுப்புவம் எண்டு மடியிலை கட்டினன், ஆள் வந்து முதலிலை நூறு கட்டச் சொல்லி அடம். வெங்காயம் வித்து மாப்பிள்ளைக்கு வேட்டி சால்வை எடுக்க நினைச்சன், ஆள் வந்து இன்னொரு நூறையும் வாங்கிக்கொண்டு போனார். காருக்கு இருநூறு எண்டு உவன் கேட்ட கிழமையே, முந்நூறும் தையிலை வராட்டிக் கோட்டு எண்டு ஆள் வந்திட்டுது. அவனுக்கு ஆரோ வீட்டுக்குள்ளை இருந்து சொல்லுகினமோ எண்டுகூட யோசிச்சன். நீர் முந்தின கடிதத்திலை, 'அத்தான், அந்த ஈட்டுக்காரன் ஒருவேளை நல்ல மனிசனாய் இருக்கக்கூடும்' எண்டு எழுதியிருந்தீர். உமக்கு இளகின மனசு. நல்ல மனிசனே அவன்! கட்டையிலை போவான். அவன் தின்னுறது செரியாமல் போக. அவன் படுக்கிற இடத்திலை கூரை ஒழுக. அவன் கால் வைக்கிற இடமெல்லாம் நெருஞ்சி முளைக்க. அவன்ரை குடும்பம் விளங்குமோ? வெளியூரிலை எங்கையாவது நீர் அவனைக் கண்டால், கதிரவேலு சொன்னதெண்டு இதை ஒண்டும் விடாமல் அவனுக்குச் சொல்லும்.

ஆனபடியால் மைத்துனரே, இந்த ஒருதரம் கைகொடும். இனிமேல் பிள்ளைகளுக்கு ஒரு சதமேனும் கொடுப்பதில்லை என்று வயிரவர் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்திருக்கிறேன். கோட்டுமில்லை, காருமில்லை, படலையடியுமில்லை. உமக்கும் உமது குடும்பத்துக்கும் உத்தியோக உயர்வும், நோயற்ற வாழ்வும், ஊர் வந்து சேரக் கப்பற் காசும் எல்லாம் வல்ல பிள்ளையார் அருள வேண்டுமென்று பிரார்த்திக்கும்,

உமது அத்தான்,
க. கதிரவேலு.

பிற்குறிப்பு: உறையை ஒட்ட முந்தி, கொக்காவும் ரண்டு வரி சொல்லுவா எண்டு குசினிக்குள்ளை போய் இதை உரத்து வாசிச்சன். அவ தேங்காய் திருவிக்கொண்டிருந்தவ. பிள்ளையளின்ரை பகுதி வாசிக்கக்கை 'ஓம், ஓம்' எண்டு தலையாட்டினவ. நெருஞ்சி முளைக்கிற இடம் வந்ததும் திருவலையை விட்டிட்டு எழும்பி, 'இஞ்சேருங்கோ, என்ரை தம்பியைச் சபிக்கிறதை நிப்பாட்டுங்கோ, அவன் பிள்ளை குட்டிக்காரன்' எண்டா.

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. அவ உள்ளுக்கை போய்த் தன்ரை றங்குப்பெட்டியைத் திறந்து உறுதியை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினா. தெற்கெல்லைக்கும் மேற்கெல்லைக்கும் அடுத்த வரியிலை உம்மடை பேர் கிடக்குது. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் நொத்தாரிசு வாசிச்சிருப்பார். பெட்டிக்குள்ளை நான் கட்டின வட்டியும் முதலும் துணியிலை முடிஞ்சபடி கிடக்குது. ஐந்நூறும் அவவின்ரையாம். இருபது வருஷமாய்ப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீர் அக்காவுக்கெண்டு அனுப்பினதும், பால் வித்ததும். அது கோயிலுக்குப் போகுது எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான்! அப்ப நான் என்ரை தோட்டத்தை என்ரை மனிசியிட்டை ஈடு வைச்சு, ரண்டு வருஷமாய் அவவுக்கு வட்டி கட்டியிருக்கிறன். அந்த வட்டிக்காக வெத்திலை போடுறதைக்கூட விட்டனான் ஐசே. நீரும் தியாகலிங்கத்தாருக்குத் தத்துவத்தை எழுதிக் குடுத்துப்போட்டு, 'ஈட்டுக்காரன் கரைச்சல் தாறானோ அத்தான்' எண்டு கடிதத்துக்குக் கடிதம் விசாரிச்சீரே, உம்மை என்ன செய்யலாம்?

'காசு இருந்தால் அண்டைக்கே ஏன் தரேல்லை?' எண்டு கத்தினன். 'தந்திருந்தால் ஐந்நூறும் போயிருக்கும், பின்னாலை தோட்டமும் போயிருக்கும்' எண்டா. 'ஏன், நான் இல்லையெண்டு சொல்ல மாட்டனே?' எண்டன். அவ சிரிக்கேல்லை. 'முப்பத்திமூண்டு வருஷம் உங்களோடை இருக்கிறன். பிள்ளையளுக்கு இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு வாய் வராது. அதுதான் அதைச் சொல்ல வெளியிலை ஒருத்தனை வைச்சனான்' எண்டா. கோவத்திலை மத்தியானம் நான் சாப்பிடேல்லை. பின்னேரம் நாவலடிக்குப் போய்க் கிணத்துக்கட்டிலை இருந்தன். தோட்டம் எங்கையும் போகாது எண்டு நினைக்கக் கண்ணிலை தண்ணி வந்திட்டுது. இருட்ட முந்தி வீட்டை வந்து ரண்டு நேரச் சோத்தையும் சேர்த்துச் சாப்பிட்டன்.

ஆகையால் முந்நூறு ரூபா அனுப்ப வேண்டாம். மேலே எழுதின சாபங்களை நீர் உமக்கெண்டு எடுக்கப்படாது. திருப்பி எழுதத் தாள் இல்லை, இருந்த தாளெல்லாம் உவன் சோதினைக்கெண்டு எடுத்துப்போட்டான். ஆனால் ஒரு உதவி செய்யும். ஈட்டுக்காரன் எழுதினது மாதிரித் தியாகலிங்கத்தாரின்ரை பேருக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பும். கதிரவேலு பிள்ளையளுக்கு இனி ஒரு சதம் குடுத்தாலும் அண்டைக்கே காணியை ஏலத்திலை போடுவன் எண்டு, இரக்கம் பாராமல், நல்லாய்த் திட்டி எழுதும். நான் அதைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சிருந்து மூண்டு பேருக்கும் காட்டுறன். கார் விஷயத்தைக் கொஞ்சம் கூட அழுத்தி எழுதும்.

திகதியை மட்டும் மாசி மாதம் எண்டு போடும். பத்மாவதி மார்கழியிலையும் தையிலையும் படலையடிக்கு வருவாள். கொக்காவுக்கு இதை எழுத வேண்டாம்.