நான் டீ போட்ட நீச்சல் குளம்

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவனிடம் உலகம் பெரிதாக எதையும் எதிர்பார்ப்பதில்லை. தண்ணீர் தண்ணீராக இருந்தால் போதும். அதைக்கூட என்னால் காப்பாற்ற முடியவில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். பெரம்பலூரில் ஒரு காலேஜில் லெக்சரராகச் சேர்ந்த புதிது. லப்பைக்குடிக்காட்டில், தூரத்துச் சொந்தமான ஒரு மாமாவின் மகள் சபீனாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அவளைத் தவிர வேறு நினைப்பே இல்லை. பெண்ணின் பெரியத்தா, அதாவது மாமாவின் அண்ணன், அவர் சம்மதம் மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை அரியலூரிலிருந்து வந்து, என்னைப் பார்த்து அவர் சரி என்றால்தான் நிக்காஹ் தேதி. அவர் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

சவுதியிலிருந்து திரும்பியிருந்த மாமா, கொல்லையில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார். (அந்த வூட்டுல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. அது வேற விஷயம்.) போர்வெல் தண்ணீர் விட்ட அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். நாலே நாளில் படியிலும் வெள்ளை டைல்ஸிலும் பழுப்புக் கறை ஏறிவிடும். ஆள் வைத்துத் தேய்த்தால் போகும், அடுத்த வாரம் மறுபடி வரும்.

"அண்ணன் வர்றதுக்குள்ள இதுக்கு ஒரு வழி சொல்லுங்க மாப்ள. நீங்கதான் கெமிஸ்ட்ரியாச்சே" என்றார் மாமா.

இன்னும் முடிவாகாத கல்யாணத்துக்கு முன்கூட்டியே கிடைத்த அந்த 'மாப்ள'யில் நான் உருகிப் போனேன்.

சனிக்கிழமை போய், "இது தண்ணியில இருக்குற இரும்பு மாமா" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். நடுவில் மாமி, "எலுமிச்சம்பழம் தேச்சா போகாதா தம்பி? பித்தளைக் குடத்துக்கு அப்படித்தானே செய்யிறோம்" என்றார். பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன். பிறகு கடைக்குப் போய் சிட்ரிக் ஆசிட் வாங்கிவந்து கொட்டினேன். (எலுமிச்சம்பழத்துல இருக்கறதும் அதேதான். ஆனா இங்கிலீஷ் பேருக்கு ஒரு மரியாதை இருக்குல்ல?)

சாயங்காலத்துக்குள் கறை மாயம். மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜன்னலுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கறை எங்கே போனது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அது எங்கேயும் போகவில்லை, கரைந்து அதே தண்ணீரில்தான் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கும் நான் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை காலை, வருகிறவர்கள் கால் நனைப்பார்களே, கிருமி இருக்குமே என்று ப்ளீச்சிங் பவுடரையும் கொட்டினேன். கரைந்திருந்த இரும்பு பவுடர் பட்டதும் துருவாகி, கண்ணெதிரே தண்ணீர் மஞ்சளானது. பயத்தில் இன்னும் கொஞ்சம் கொட்டினேன். பழுப்பானது. கடைசியில் ஊருக்கே ஊற்றிக் கொடுக்கும் அளவுக்கு டீ தயார்.

தண்ணீரை இறைத்துவிடலாம் என்றால் கரண்ட் இல்லை. மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது.

பெரியத்தா தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று நேரே கொல்லைக்கு வந்தார். சலவை வேட்டியோடு ஈரப் படியில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு செய்யக் குனிந்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நெறம் மாறுன தண்ணியில ஒளு செய்யக் கூடாதுன்னு தெரியாதாப்பா? இதென்ன, கொளத்துல தேத்தண்ணி போட்டு வச்சிருக்கீங்க?"

எழுந்து திரும்பினார். வேட்டியின் பின்பக்கம் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. எல்லோரும் பார்த்தோம். கடைசியில் கூட வந்திருந்த அவர் மனைவிதான், "ஏங்க, பின்னாடி பாருங்க" என்றார்.

மாமா கொஞ்சமும் தயங்காமல் என்னைக் கை காட்டினார். (மாப்ளையாவது ஒண்ணாவது.)

"என்ன படிச்சிருக்கீங்க?" என்றார் பெரியத்தா.

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க."

"பாஸா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சபீனா போச்சு என்று நினைத்தேன். அவர் மாமா பக்கம் திரும்பினார்.

"இவர வெளிய விட்டா ஊர்த் தண்ணியெல்லாம் கெட்டுடும். நம்ம வூட்டோடயே வச்சுக்கங்க. தேதியக் குறிங்க."

வேட்டிக் கறையை மாமி அன்றைக்கே எடுத்துவிட்டார், அரை மூடி எலுமிச்சம்பழத்தில்.

குளத்தில் மண்ணைக் கொட்டி முருங்கை வைத்துவிட்டார்கள். எனக்கு வீட்டில் இன்றுவரை ஒரு உரிமை மட்டும் கிடையாது. டீ லைட்டாக இருக்கிறதே என்று நான் தப்பித்தவறி முனகினால் போதும், சபீனா அடுப்படியிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பாள்:

"கொஞ்சம் ப்ளீச்சிங் பவுடர் போடவா?"