மாலுமியின் தாடியும் என் மகனின் நிக்காஹும்

ஆத்லோன், கேப்டவுன்
புதன்கிழமை

மரியாதைக்குரிய அண்ணன், பூட்டா ஹாஜி தோயர் கமீல்தீன் அவர்களுக்கு, அக்மத் சாலி ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். என் மகன் இக்சான் மட்டும் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அங்கே ஸ்ட்ராண்டில் நீங்களும், வீட்டாரும், என் மகனுக்கு நிச்சயித்த உங்கள் மகள் நஸ்லியும், உங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

"பியரை நெஞ்சுல ஒட்டிக்கிட்டவனுக்கு என் பொண்ணு கிடையாது, நிக்காஹ் ரத்து" என்று இமாம் மூலமாக நீங்கள் சொல்லி அனுப்பியது கிடைத்தது. இமாம் அதை என்னிடம் தனியாகத்தான் சொன்னார், ஆனால் சட்டையில் குத்தியிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். பள்ளிவாசலின் பெண்கள் பகுதியிலும் தெளிவாகக் கேட்டதாக என் மனைவி ஃபல்தீலா சொன்னாள். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை, வருத்தம்தான். முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

இக்சான் ஆடும் கிரிக்கெட் அணிக்குப் புரவலர் 'கிழட்டு மாலுமி' பியர் கம்பெனி. சின்னம், வெள்ளைத்தாடிக் கிழவன் ஒருவன் கையில் நுரை பொங்கும் குவளையோடு சிரிப்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே இக்சான், இதை நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். மேலாளர் நல்ல மனிதர். "அதுக்கென்னப்பா, எதையாவது வெச்சு மறைச்சுக்கோ" என்றார். கறுப்பு டேப் ஒட்டினோம். முதல் ஆட்டத்திலேயே கேட்ச் பிடிக்கப் பாய்ந்து விழுந்தான். டேப்பின் மேல்பாதி உரிந்து, குவளை மறைந்தபடியே இருக்க, தாடி மட்டும் தொலைக்காட்சியில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மவன் சட்டைல இருக்கிறது எந்த ஷேக்குப்பா? அவங்க அடங்கியிருக்கிற கராமத் எந்த மலை மேல இருக்கு? போய் ஒரு ஃபாத்திஹா ஓதிட்டு வரணும்" என்றார். தூரம் என்று சொன்னேன்.

பிறகு ஃபல்தீலா பச்சைத் துணி வெட்டி அந்த இடத்தில் தைத்தாள். அதோடு விட்டிருக்கலாம். வெறும் துணி ஒட்டுப் போட்டதுபோல இருக்கிறதே, அதில் தங்க நூலால் பிஸ்மில்லாஹ் என்று தைத்தால் என்ன என்று கேட்டவன் நான்தான். மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அதற்குப் பிறகுதான் யோசித்தோம்: இறைவன் பெயர் உள்ள அந்தச் சட்டையைத் தரையில் போடக் கூடாது, மற்றவர்களின் உள்ளாடையோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது, கழிப்பறைக்குப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. கிளப்பில் துணி துவைப்பவர், "ஒத்தச் சட்டைக்கு ஒரு மெஷினா?" என்று கேட்டார். இக்சான் ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போவான். "டேய், நீ ஒண்ணுக்குப் போறியா இல்ல குளிக்கப் போறியா?" என்று கோபஸ் கேலி பண்ணுவானாம். கோபஸ் அவர்களின் வேகப்பந்து வீச்சாளன், என் மகனைப்போல இரண்டு மடங்கு.

சனிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், இக்சான் கழிப்பறையில் இருக்கும்போது அடுத்தடுத்த பந்தில் இரண்டு பேர் அவுட். அடுத்தவன் ஒன்றரை நிமிடத்துக்குள் மைதானத்தில் நிற்காவிட்டால் ஆடாமலே அவுட். கேப்டன் கதவைத் தட்டு தட்டென்று தட்டி, "வாடா, நேரம் போவுது!" என்று கத்த, இவன் ஓடி வந்து ஆணியில் கைக்கு வந்த சட்டையைத் தலைவழியே இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினான், அது கோபஸின் சட்டை என்பது அவனுக்கு நூறு அடித்து முடிக்கும்வரை தெரியாது, நூறு அடித்ததும் மைதானத்திலேயே நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தான், எழுந்து இரண்டு கையும் ஏந்தி துஆ கேட்டான், கீழே தொப்பைக்கு நேராகக் கிழவன் குவளையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான், அந்த நொடி பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் நீங்கள் பார்த்தது அதுதான். அதே நேரத்தில் பின்னாலிருந்து எடுத்த படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதுகில் 'கோபஸ்' என்று இருக்கிறது. என் மகனுக்கு நாங்கள் வைத்த பெயர் கோபஸ் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள்.

பூட்டா, பையன் கெட்டவன் இல்லை. புரவலரே சம்மதித்து, சின்னமே இல்லாத சட்டை தந்தால்தான் இனி மைதானத்தில் கால் வைப்பேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். தராவிட்டால் வேலை போய்விடும். "வேலை போனா போவுது வாப்பா, நஸ்லி போயிட்டா நான் என்ன செய்வேன்?" என்று கேட்கிறான். அதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது. பியரின் நிழல்கூட அண்டாத உங்கள் குடும்பத்தில் சம்பந்தம் கிடைத்ததை நான் பெருமையாக நினைத்தவன். அல்லாஹ் உங்கள் முழங்காலுக்கு ஷிஃபாவும் மனதுக்கு இரக்கமும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தியாக இன்னும் ஆசைப்படும்
அக்மத் சாலி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பியர் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. இக்சானுக்குச் சின்னம் இல்லாத சட்டை தர முழுச் சம்மதமாம், அவன் மார்க்கத்தை மிகவும் மதிக்கிறார்களாம், மன வேதனைக்கு வருந்துகிறார்களாம். அருமையான கடிதம். கீழே கையெழுத்து: நஸ்லி கமீல்தீன், தலைமை விளம்பர அதிகாரி. ஃபல்தீலா கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள். இக்சானைக் கேட்டால், "அவ வாப்பாகிட்ட சோடா கம்பெனில வேலைன்னு சொல்லியிருக்கா. சோடாவும் போடுறாங்கதான்" என்கிறான். இனி இந்த நிக்காஹை முறிக்க வேண்டியது நீங்களா, நாங்களா என்று எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது. பேசி முடிவெடுத்து, கனாலா, தயவுசெய்து, சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். வருவதாக இருந்தால் ஃபல்தீலா ஞாயிறு காலை கூசிஸ்டர் பலகாரத்துக்கு மாவு கூடுதலாகப் பிசைய வேண்டும்.