கக்கூஸுக்கு மஞ்சள், சாமிக்குச் சாம்பலா?

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிற வேலையை எனக்குத் தரமாட்டார்கள். மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலே போதும், என் கொழுந்தனார் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார். "மதினி, வேணாம். கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விடுவேன். கூச்ச சுபாவக்காரிக்கு அடுப்படியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

எண்பதுகளில் எனக்குக் கல்யாணமாகித் திண்டுக்கல் வந்தபோது அந்தக் கூச்சம் இன்னும் கொடுமையாக இருந்தது. பஸ்ஸில் ஏறினால் ஸ்டாப் வந்துவிட்டதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கமாட்டேன். சின்னாளபட்டியில் இறங்கவேண்டியவள் மதுரை வரை போய், திரும்பிவந்த கதையும் உண்டு. (திரும்பும்போதும் கேட்கவில்லை. திண்டுக்கல்லுக்கே வந்துவிட்டேன்.) படிப்பு அஞ்சாங்கிளாஸ். தமிழ் தெளிவாக வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது மாதிரிதான்.

என் வீட்டுக்காரர் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைந்துகொண்டிருந்தார். கல்யாணமான ஜோரில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். முதல் வேலை, பழனி ரோட்டில் ஒரு பழைய வீடு. நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருந்த முதலாளி ஒருவருடையது. பின்கட்டில் இருந்த பழைய கக்கூஸை இடித்துவிட்டு, முன்பக்கம் புதிதாக ஒரு ரூமும் பக்கத்தில் ஒரு பாத்ரூமும் கட்டவேண்டும். இது நல்லபடியாக முடிந்தால் முதலாளி தன் கூட்டாளிகளிடம் சொல்லுவார், பத்து வேலை வரும். கெட்டுப்போனால் இவர் பழைய ஆபீஸுக்கே போய்த் தலைகுனிந்து நிற்கவேண்டும். இதை இவர் தினமும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். நான் தலையை ஆட்டுவேன்.

இப்போதுபோல அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. டிரேசிங் பேப்பரில் வரைந்து, மதுரைக்குக் கொண்டுபோய் அமோனியா பிரிண்ட் போட்டு வருவார். மூக்கைத் துளைக்கும் வாடை. பிரிண்டில் கோடு மட்டும்தான் விழும், கலர் விழாது. ஒவ்வொரு காப்பியிலும் கலர் பென்சிலால் கையால் தீட்டவேண்டும். முனிசிபாலிட்டிக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று, மேஸ்திரிக்கு ஒன்று. மேஸ்திரிக்கு இங்கிலீஷ் வராது என்பதால் அவர் காப்பியில் மட்டும் ரூம்களின் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். ஆனால் மூலையில் இருந்த சின்னக் கட்டங்களும், எந்தக் கலருக்கு என்ன அர்த்தம் என்ற குறிப்பும் இங்கிலீஷிலேயே நின்றுவிட்டன. மேஸ்திரிக்கு அந்தக் கலர்கள் மனப்பாடம். எனக்கு?

அன்றைக்குக் காலையில் கன்னிவாடிப் பக்கம் ஒரு நிலம் அளக்கக் கிளம்பியவர், கலர் தீட்டிய முதலாளி காப்பியையும், தீட்டாத மேஸ்திரி காப்பியையும் என் முன்னால் விரித்தார்.

"இந்தா புள்ள, இதப் பாத்து அதே மாதிரி அதுல தீட்டிரு. மேஸ்திரி வருவாரு, குடுத்துரு. நான் வர ராத்திரியாயிரும்."

நான் தலையை ஆட்டினேன்.

சைக்கிள் சத்தம் தெரு முனை தாண்டியதும் உட்கார்ந்தேன். புது ரூம், பாத்ரூம் எல்லாம் சிவப்பு. தீட்டினேன். கூடம், அடுப்படி எல்லாம் சாம்பல் நிறம். தீட்டினேன். மூலைக் கட்டங்களையும் அச்சுப் பிசகாமல் தீட்டினேன். பிறகுதான் அந்த அநியாயம் கண்ணில் பட்டது.

கக்கூஸுக்கு மஞ்சள் போட்டிருந்தார்! வீடு முழுக்க அந்த ஒரு இடத்துக்குத்தான் மஞ்சள். அடுப்படியை ஒட்டி இருந்த சாமி அறைக்கோ சாம்பல்.

எனக்குப் பதறிவிட்டது. தாலிக்கு மஞ்சள், வாசப்படிக்கு மஞ்சள், பிள்ளையார் பிடிக்க மஞ்சள். அந்த மங்களமான மஞ்சளைக் கொண்டுபோய்க் கக்கூஸுக்குத் தீட்டியிருக்கிறாரே இந்த மனிதர், முதல் வேலை விளங்குமா? அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பார், பாவம். (அவருக்கு நான் பாவம் பார்த்தேன். இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.) கூடப்பிறந்த கூச்சம் போதாதென்று அன்றைக்குப் புத்திசாலித்தனமும் சேர்ந்துகொண்டது. சாமி அறைக்கு மஞ்சளை நன்றாக அழுத்தி, இரண்டு தடவை தீட்டினேன். கக்கூஸுக்குச் சாம்பல். மேஸ்திரி வந்தபோது கதவுக்குப் பின்னால் நின்று கையை மட்டும் நீட்டிக் கொடுத்தேன். அன்று ராத்திரி திரும்பி வந்த என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை. தப்பைத் திருத்திவிட்டுப் பெருமையடித்துக்கொள்வது நல்ல பெண்ணுக்கு அழகில்லை என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். அந்தக் குடும்பம் இரண்டு நாளாகப் பழனியில் இருந்தது. மொட்டை போட்டுத் திரும்பியதும் பிரசாதம் வாங்கிக்கொள்ளப் புதுப்பெண்ணைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார் முதலாளியம்மா. நாங்கள் வாசலில் நுழையும்போது அவர்களும் காரிலிருந்து இறங்கினார்கள். முதலாளி தலையில் சந்தனம், கையில் பஞ்சாமிர்த டப்பா. "வாங்க, வாங்க. சாமி முன்னால வச்சு எடுத்து எல்லாருக்கும் தாரேன்" என்று உள்ளே போனார்.

போனவர் அப்படியே நின்றார். சாமியும் இல்லை. சாமிக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் இல்லை. செங்கல் குவியலும், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டுத் தென்னை மரமும்தான் தெரிந்தன.

"ஏலே! சாமி எங்கலே?"

மேஸ்திரி முண்டாசை அவிழ்த்துக்கொண்டு பவ்யமாக வந்தார். "பத்திரமா இருக்குங்க மொதலாளி. கட்டில்ல வரிசையா உக்கார வச்சிருக்கேன். முருகனுக்குத் தூசி படாம என் துண்டத்தான் போத்திருக்கேன். சூடம் காட்டி, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கடப்பாரையவே எடுத்தேன்."

"எவன்யா சாமி ரூம இடிக்கச் சொன்னது?"

"பிளான் சொல்லுதுங்க. பழைய ஆபீஸ் வேலையில நானா ஒரு செவத்த இடிச்சேன்னு சார் என்னைய அம்புட்டுப் பேச்சுப் பேசினாரு. 'மஞ்சளப் பாத்தா இடி, சாம்பலப் பாத்தா கை வைக்காத, கேள்வி கேக்காத'ன்னாரு. கக்கூஸப் பாருங்க, ஒரு செங்கல் பேந்திருந்தா என்னன்னு கேளுங்க."

கக்கூஸ் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் மேஸ்திரியின் பிளானை வாங்கி விரித்தார். பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம்தான் அன்றைக்குச் சாம்பல் நிறம். முதலாளி, "நாளைக்கிருந்து இந்தப் பக்கம் நீ வரவேணாம்யா. ஒன்னைய நம்பி வீட்டக் குடுத்தேன் பாரு" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறந்து என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது. வெளி மனிதர்கள் முன்னால் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பேசினேன்.

"நாந்தான் தீட்டுனேன். கக்கூஸுக்கு மஞ்சளும் சாமிக்குச் சாம்பலும் போட்டிருந்துச்சு. மனசு கேக்கல. அதான் மாத்திட்டேன்."

மேஸ்திரிதான் முதலில் பேசினார். "தாயி சொல்றதும் நியாயந்தானுங்களே."

"யோவ், நீ சும்மா இருய்யா!" என்று அதட்டினார் முதலாளி.

அப்போதுதான் அடுப்படிக்குள்ளிருந்து முதலாளியம்மாவின் குரல் வந்தது. "ஏங்க, செத்த இங்க வாங்க."

போனோம். அடுப்படி முழுக்க வெளிச்சம். அந்தம்மா கையிலிருந்த துவரம்பருப்பைத் தட்டில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து பகல்லயும் லைட்டப் போட்டுத்தான் கல்லுப் பொறுக்குறேன். சாமி ரூம் மறைக்குது, மாத்துவோம்னு எத்தன தடவ சொன்னேன்? காதுல வாங்குனீகளா? அந்த முருகனுக்கே பொறுக்கல. இந்தப் புள்ள கையில பென்சிலக் குடுத்துருக்காரு."

"அதுக்காக..."

"புது ரூம்ல ஒரு ஓரத்துல சாமிய வைங்க. எனக்கு இங்க ஜன்னல் வைங்க. நாளைக்கு அந்தக் கக்கூஸ இடிங்க. கோவிச்சுக்கிட்டு நிக்காம பஞ்சாமிர்தத்தக் குடுங்க, எறும்பு ஏறுது."

முதலாளி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சரி, நீயே வந்து முடிச்சுக் குடு. ஆனா அந்தப் புள்ள கையில மறுபடி பென்சிலக் குடுத்த, நான் வீட்டையே வித்துட்டு நிலக்கோட்டைக்குப் போயிருவேன்" என்றார்.

சைக்கிளில் திரும்பும்போது பாதி வழியில் இவர் கேட்டார். "மூலையில என்ன கலருக்கு என்னன்னு போட்டிருந்தேன்ல?"

"அது இங்கிலீசு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"நீங்கதான் கன்னிவாடிக்குப் போயிட்டீகளே."

"சாம்பல்னா திருநீறுன்னு நெனச்சிருக்கக் கூடாதா?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் ஆட, பின்னால் நான் ஆட, பஞ்சாமிர்தம் என் புதுச் சேலையில் வழிய வீடு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு அவர் போட்ட பிளான் எல்லாவற்றிலும் மூலைக் கட்டத்தில் தமிழிலும் எழுதினார்: 'மஞ்சள் - இடிக்க வேண்டியது'. அதன் கீழே ஒரு கோடு வேறு. எனக்காகத்தான்.

இப்போது என் மகன் அதே வேலையைக் கம்ப்யூட்டரில் பார்க்கிறான். ஒரு தட்டுத் தட்டினால் ரூம் முழுக்கக் கலர் ஊற்றிக்கொள்கிறது. போன மாதம் எங்கள் வீட்டையே மாற்றிக் கட்ட பிளான் போட்டான். "அம்மா, எத இடிக்கணும்னு நீயே கலர் போடு. மூலையில தமிழ்ல இருக்கு, பாத்துக்க" என்று அந்த எலிக்குட்டி மாதிரி இருப்பதை என் கையில் கொடுத்தான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு ரூம் உண்டு. பழைய பிளான் சுருள்கள், காய்ந்த மைப் புட்டிகள், ஒரு கால் உடைந்த வரைபலகை. தூசி தட்டக்கூட என்னை உள்ளே விடமாட்டார். பிளானில் அந்த ரூம்மேல் கொண்டுபோய் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். பளீரென்று மஞ்சள்.

இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "ஏலே, அழிலே! ஒங்கம்மா பழையபடி தெரியாமப் போட்டுட்டா!"

"இல்லப்பா," என்றேன் மகனிடம். "இந்தத் தடவ தெரிஞ்சுதான் போட்டேன்."