கேள்விக்குறி போட்ட பிறகே என்டர்

கம்ப்யூட்டரோடு கொடுக்கும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவர் இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தார்.

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. சரக்குக் கணக்குக்கு 'ஸ்டாக்' என்று ஒரு புரோகிராம். அந்த வார்த்தையை அடித்து, பக்கத்தில் எந்த எழுத்தைப் போடுகிறோமோ அந்த வேலையைச் செய்யும். கேள்விக்குறி போட்டால், எந்த எழுத்துக்கு என்ன வேலை என்று திரையிலேயே சொல்லும். இதையே புத்தகமாக டைப் அடித்து வைத்தவன் நான்.

மெட்ராஸிலிருந்து புரோகிராமர் மாதம் ஒருமுறை புது ஃபிளாப்பியோடு வந்து எதையாவது மாற்றிவிட்டுப் போவார். திரை மாறும். புத்தகம் மாறாது. அது மண்ணூர்க்காரரான அந்த கிளார்க்கைத் தவிர யாரையும் உறுத்தவில்லை.

"சார், பொஸ்தகத்துல பொருள் பேருன்னு கீது. ஸ்கிரீன்ல பொருள் நம்பர்னு கீது. நான் எத்த நம்பறது?"

"ரெண்டும் ஒண்ணுதான்பா."

"ஒண்ணுன்னா இன்னாத்துக்கு சார் ரெண்டு வார்த்த?"

நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தார். பிறகு தினமும் ஒட்டினார். மூன்றே மாதத்தில் புத்தகம் கல்யாண வீட்டுத் தலையணைபோல் உப்பி, மூட மறுத்தது. அவருக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்தோம். அவர் வருத்தப்படவில்லை. புரோகிராமர்தான் அவரைக் கண்டால் பாத்ரூம் போவதாகச் சொல்லிப் பின்கேட் வழியாக தண்டலம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார்.

ஒருநாள் புது ஃபிளாப்பி ஏற்றிய கையோடு மேனேஜரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பெரிய வாடிக்கையாளர் வந்திருந்தார்; சரக்குப் பட்டியலைக் காட்ட வேண்டும். புத்தகத்தில் 'டி' என்றால் முழு விவரம். மேனேஜர் 'டி' அடித்தார். என்டரைத் தட்டப் போகையில் அதன்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

"யோவ், கைய எடுய்யா."

"எடுக்கறேன் சார். ஒரு தபா கேள்விக்குறி போட்டுப் பாத்துருங்க."

"வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார்." கை நகரவில்லை.

வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பல்லைக் கடித்தபடி 'டி'யை அழித்துக் கேள்விக்குறி போட்டார். திரை சொன்னது: 'டி' என்றால் கணக்கு முழுவதையும் அழி.

மேனேஜர் புத்தகத்தைக் கையில் தூக்கினார்.

"யாரு எழுதின புக்கு இது?" என்றார் மேனேஜர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதசொல்ல கரெக்டா தான் சார் இருந்துச்சு," என்றார் கேள்விக்குறி. "இன்னிக்குக் காலைலதான் புரோகிராம் மாறிச்சு. பொஸ்தகத்து மேல தப்பு இல்ல."

கேள்விக்குறியின் கையெழுத்தில்லாமல் இனி ஃபிளாப்பி உள்ளே நுழையாது என்று உத்தரவு போட்டார்கள். அதற்குப் பிறகு புரோகிராமர் திரையைப் படிப்பார், நான் புத்தகத்தைப் படிப்பேன், எதிரே அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் இருக்கும். ஒரு கமா விட்டுப்போனாலும் கண்ணைத் திறப்பார்.

இரண்டு வருடம் கழித்து வாலாஜாபாத்தில் வேறு வேலை கிடைத்துப் போனார். அவருக்கு அனுபவச் சான்றிதழ் எழுதும் வேலை என்னிடம் வந்தது. வழக்கமாகப் பத்து நிமிட வேலை. நான்கு முறை கிழித்துப் போட்டேன். எந்த வார்த்தையைப் போட்டாலும் அந்த மனிதருக்கு அது கொஞ்சம் குறைவாகவே இருந்தது.