அறுபத்தொன்றாம் கிலோமீட்டரில் நின்றுபோன உயிர்

ஓசூருக்குப் புதிதாக ஒரு நோய் வந்திருக்கிறது. மனிதனின் உயிர் பாதி வழியில் நின்றுபோகும் நோய்! மருந்தும் தயார். கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் சாலையில், ஒரு தகரக் கொட்டகையில் கங்கப்ப சுவாமிகள் எழுந்தருளியிருக்கிறார். போன வருடம் வரை டெம்போ ஓட்டியவர். வண்டி படுத்துக்கொண்டதும் ஞானம் எழுந்துகொண்டது.

போன வாரம் அணையிலிருந்து ஜவளகிரிக் காட்டோரம் போய்த் திரும்பும் எண்பது கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடந்தது. சிப்காட் தொழிலாளிகள் நூறு பேர் ஓடினார்கள். எண்பது கிலோமீட்டர் ஓடினால் கால் வீங்கும், நகம் கறுக்கும், காரணமே இல்லாமல் அழுகை வரும். வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் சுவாமிகள், "பாதி உசுரு காட்டுலயே நின்னுடுச்சி. நான் அழைச்சித் தர்றேன்" என்றார். கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து குவிந்தது.

பந்தயத்தில் நெஞ்சில் குத்தியிருந்த எண் சீட்டை எலுமிச்சம்பழத்தின் கீழே வைக்க வேண்டும். சுவாமிகள் திரைக்குப் பின்னால் போய் ஐந்து நிமிடம் தியானம் செய்வார். வெளியே வந்து, உயிர் எந்தக் கிலோமீட்டரில் நின்றது என்று சொல்வார். கேட்டவர் அலறுவார்: அங்கேதான் கால் துவண்டது! உடனே ஓடிய ஷூவையும் கைக்கடிகாரத்தையும் காணிக்கையாக விட்டுவிட வேண்டும். காட்டுத் தெய்வத்துக்கு எதற்கு ஷூ என்று ஒருவரும் கேட்கவில்லை.

பந்தயத்தில் ஓடிய முனிராஜுக்கு அறுபத்தொன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலிருந்து அணை வரை மறுபடி ஓட வேண்டுமாம். உயிர் பின்னாலேயே வந்துவிடுமாம்! அவருடைய முட்டியோ தேங்காய் போல வீங்கியிருந்தது.

"ஓடினா முட்டிச் சவ்வு பிஞ்சிடும், அப்புறம் நடக்கவே முடியாதுன்னு டாக்டரு சொன்னது காதுல விழலியா?" என்று மனைவி சுமலதா கத்தினாள்.

"டாக்டருக்கு அறுபத்தொண்ணு தெரிஞ்சுதா? சாமிக்குத் தெரிஞ்சுதே!"

சுமலதா ஒரு போல்ட் கம்பெனியில் தரச் சோதனை பார்ப்பவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் தொடங்கியதும், கெட்டது என்று முன்பே தெரிந்த போல்ட் ஒன்றைச் சோதனை மெஷினில் போடுவார்கள். மெஷின் அதை நல்லது என்று சொன்னால், பழுது மெஷினில்! சாமியையும் அப்படிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

பக்கத்து வீட்டுப் பிரகாஷ் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். அன்று டபுள் டூட்டி விழுந்ததால் தன் எண் சீட்டை நண்பன் அஜித்குமாரிடம் கொடுத்து ஓடவிட்டான். அந்தச் சீட்டோடு பிரகாஷைச் சனிக்கிழமை வரிசையில் நிறுத்தினாள் சுமலதா. ஞாயிறு ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்க முனிராஜும் நொண்டிக்கொண்டு வந்திருந்தார்.

தியானம் முடிந்தது. "உன் உசுரு ஐம்பத்திரண்டுல நிக்குது மகனே. அங்க தலை சுத்துச்சில்ல?"

"இல்லீங்க சாமி. அன்னிக்கு நான் கம்பெனில இருந்தேன். என் நம்பரக் குத்திக்கிட்டு ஓடினது இவன்."

அஜித்குமார் கையைத் தூக்கினான். கூட்டத்தில் யாரோ, "ஹௌதா!" (அப்படியா!) என்று கன்னடத்தில் வாயைப் பிளந்தார்கள். சுவாமிகள் அசரவில்லை.

"உன் ஆத்மா ஓடியிருக்கு!"

"அப்ப கம்பெனி மெஷின்ல நின்னது யாரு சாமி?" என்றான் பிரகாஷ்.

சுமலதா திரையை இழுத்தாள். உள்ளே விலை எழுதி ஒட்டிய ஷூக்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு செல்போன். அதில் பந்தய முடிவுப் பக்கம் திறந்து கிடந்தது.

"எண் சீட்டுல சிப்பு இருக்கு. நம்பரப் போட்டா யாரு எந்தக் கிலோமீட்டர்ல மெதுவா போனாங்கன்னு இதுவே காட்டுது. வாங்க, நானே சொல்றேன். ஷூ வேணாம்!"

முனிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. "அப்புறம் எனக்கு ஏன் சுமா அழுகை அழுகையா வருது?"

"ஆறு மாசமா விடிகாலைல எழுந்து இதுக்குன்னே ஓடினீங்க. அது முடிஞ்சிபோச்சி. நாளைக்கு எதுக்கு எழுந்திரிக்கிறதுன்னு தெரியல, அவ்வளவுதான். அழுகை வந்தா அழுங்க. நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க. உசுரு உங்ககிட்டதான் இருக்குது, அதனாலதான் வலிக்குது."

சுவாமிகள் அதற்குள் அத்திப்பள்ளிப் பக்கம் ஓட்டம் பிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் பதினொரு மணி வரை தூங்கினார்.

ஒரு போல்ட்டைக்கூடச் சோதிக்காமல் கம்பெனி கேட்டைத் தாண்ட விடாத தோழர்களே, சாமியார்களை மட்டும் ஏன் சோதிக்காமல் தலைக்குள் விடுகிறீர்கள்?